அலமாரிக்குள் இருக்கும் நம்பர்

பாப்பாரப்பட்டி
5 ஆகஸ்ட் 2024

அன்பு அனிஷாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அக்கா ஜெசிந்தா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகம். அப்பாவும் சுகம். குன்னூர் குளிருக்கு உன் இருமல் திரும்ப வந்ததா, கம்பளி கொடுத்தார்களா என்று எழுது. கன்னியாஸ்திரீ ஆக நவகன்னியர் இல்லத்துக்குப் போனபின் உன்னை சிஸ்டர் என்றுதான் எழுத வேண்டும் என்று பங்குச் சாமியார் சொன்னார். எனக்குக் கை வரவில்லை.

கடிதம் என்று நான் கடைசியாக எழுதியது பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டுத்தான். இப்போது எழுத வைத்தது நீ நெட்டில் திறந்த புளிக் கடை. போன வாரம் புளி ஊற வைத்த டிரம்மில் என் போன் விழுந்து செத்துவிட்டது. மாமா புதுப் போன் வாங்கிக் கொடுத்தார். அதில் நம் கடைக்குள் நுழையப் பார்த்தால், நீ காலண்டர் பின்னால் எழுதி வைத்த பாஸ்வேர்டு போதாதாம். ஓடிபி என்று ஆறு எண் அனுப்பியிருக்கிறதாம். எங்கே அனுப்பியது? உன் நம்பருக்கு. உன் நம்பர் எங்கே? நீதான் சொல்ல வேண்டும்.

வெளியே இருந்து பார்த்தால் கடை திறந்துதான் இருக்கிறது. அம்மா பெயரும் படமும் அப்படியே இருக்கின்றன. யார் ஆர்டர் போட்டார்கள், எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் உள்ளே பூட்டிக் கிடக்கிறது. ஜனவரி கடைசிக்குள் கடைப் பெயரைப் புதுப்பிக்க வேண்டும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனாய். அதற்கும் உள்ளே போக வேண்டுமா?

கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள் என்றாய். மதருக்கும் என் வணக்கம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஜெசிந்தா


குன்னூர்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவின் சமாதானம் நம் வீட்டில் இருக்கட்டும். நான் நலம். இருமல் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் கடிதம் எழுதலாம், அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

என் போன் மதர் அலமாரியில் இருக்கிறது. வந்த அன்றே எல்லாரும் கொடுத்துவிட்டோம். வருடம் முடியும்வரை அதைத் தொடுவதில்லை.

நீ பயப்படாமல் இருக்கச் சில சொற்களைச் சொல்லி வைக்கிறேன். டொமைன் என்பது கடையின் பெயர், இன்னாசியம்மாள் புளி என்ற பெயர்ப் பலகை. அதை யாரும் சொந்தமாக வாங்க முடியாது, வருடக் குத்தகைதான். குத்தகை முடிந்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம். ஹோஸ்டிங் என்பது கடை நிற்கும் இடம். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. லாகின் என்பது நீ உள்ளே நுழைவது. ஓடிபி என்பது நுழைபவர் நாம்தானா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும் எண். பத்து நிமிடம்தான் அதற்கு உயிர்.

'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்திப் பார். மெயில் வரும்.

அப்பா சுகம் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். சாப்பிடுகிறாரா? மேட்டுக்காட்டு மரங்களில் பிஞ்சு பிடித்திருக்கிறதா?

செபத்தில் உங்களை நினைக்கும்
அனிஷா


பாப்பாரப்பட்டி
12 செப்டம்பர் 2024

அன்பு அனிஷாவுக்கு,

எல்லாரும் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ சொன்ன வரியை அழுத்தினேன். மெயில் அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. அந்த மெயில் யாருடையது? உன்னுடையது. அதைத் திறக்கப் போனால் அதுவும் ஓடிபி கேட்கிறது. அது எங்கே போகிறது? மறுபடி உன் நம்பருக்கு. கடையைத் திறக்க மெயில், மெயிலைத் திறக்க நம்பர், நம்பர் மதர் அலமாரியில். செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடம்தான் உயிர் என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதம் என் கைக்கு வரவே ஒரு வாரம் ஆகிறது தாயே.

ஆர்டர் நிற்கவில்லை என்பதுதான் கொடுமை. வங்கியில் பணம் வந்து விழுகிறது. யார் போட்டது, எந்த ஊர், ஒன்றும் தெரியவில்லை. புளி தட்ட வரும் மாதம்மாள்கூடக் கேட்கிறாள், "தட்டி வெச்சது மூட்டையாவே கெடக்குதே, யாருக்குங்க இது?" யாருக்கு என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

நான் கேட்டது கதவுச் சாவி. நீ கதவுக்கும் நிலைக்கும் பெயர் சொல்லிக் கொடுக்கிறாய்.

மரங்களில் பிஞ்சு நன்றாகப் பிடித்திருக்கிறது. அப்பா சாப்பிடுகிறார். உன் பெயரை எடுப்பதில்லை. நீ கிளம்பின அன்று பஸ் ஏற்றிவிட வராமல் காட்டுக்குப் போனவர், அதே முகத்தோடுதான் இன்றைக்கும் இருக்கிறார். நீ கேட்டாய் என்பதால் எழுதினேன்.

அக்கா
ஜெசிந்தா


குன்னூர்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். இங்கே மழை. தோட்டத்தில் கேரட் பிடுங்குகிறோம்.

கஸ்டமர் கேர் என்று ஒரு நம்பர் இருக்கும். டொமைன் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டு, நம்பர் மாற்ற வேண்டும் என்று சொல். அவர்கள் வெரிஃபிகேஷன் கேட்பார்கள், அதாவது நீ உரிமையாளர்தானா என்ற விசாரணை. பொறுமையாகப் பேசு. உன் குரலை நான் அறிவேன், அதனால் சொல்கிறேன்.

அதுவரை ரிவ்யூவை மட்டும் கவனித்துக்கொள். வாங்கியவர்கள் கடைக்குக் கீழே எழுதும் கருத்துதான் ரிவ்யூ. புதிதாக வருகிறவர்கள் புளியின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் படிப்பார்கள். டிராஃபிக் குறைந்தால், அதாவது கடைக்கு வந்து பார்க்கும் கூட்டம் குறைந்தால், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பெயர் கெட்டால் ஏற்றுவது கஷ்டம்.

அப்பா இன்னும் அந்தப் பட்டன் போன்தான் வைத்திருக்கிறாரா?

அன்புடன்
அனிஷா


பாப்பாரப்பட்டி
21 அக்டோபர் 2024

அனிஷா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மதர் மன்னிக்க வேண்டும், இந்தக் கடிதம் முழுக்கக் கோபம்தான்.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். பாட்டுப் போட்டு உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரு பையன் வந்து, பதிவு செய்த நம்பருக்கு ஓடிபி அனுப்புகிறேன், சொல்லுங்கள் மேடம் என்றான். அந்த நம்பர் இல்லாததால்தானப்பா கூப்பிடுகிறேன் என்றேன். ஓடிபி இல்லாமல் நம்பரை மாற்ற முடியாது மேடம் என்றான். பொறுமையாகத்தான் பேசினேன், முதல் மூன்று தடவை.

பிறகு உங்கள் இல்லத்துக்கே போன் போட்டேன். உனக்குச் சொன்னார்களா? எடுத்த சிஸ்டர், "அவசரத்துக்கு மட்டும்தான் கூப்பிடணும், வீட்டுல யாராவது இறந்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை சிஸ்டர், வெப்சைட் என்றேன். வைத்துவிட்டார்.

இப்போது ரிவ்யூவுக்கு வா. கோயம்புத்தூர் அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். பணம் வாங்கிக்கொண்டு புளி அனுப்பவில்லை, 'இந்த இன்னாசியம்மாள் ஒரு ஏமாற்றுக்காரி' என்று. அதற்குக் கீழே வேறு இரண்டு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். நம் அம்மா வாழ்நாளெல்லாம் மற்றவர் களத்தில் கூலிக்குப் புளி தட்டினாள். ஒரு சுளை மடியில் கட்டி வந்தது கிடையாது. செத்து இரண்டு வருடம் கழித்து ஊர் பார்க்கத் திருட்டுப் பட்டம் வாங்குகிறாள். பதில் எழுதலாம் என்றால் அதற்கும் உள்ளே போக வேண்டும். நான் வெளியே நின்று படித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா பெயரை வைக்கலாம் என்று சொன்னது நீ. எல்லாவற்றையும் உன் நம்பரில் போட்டது நீ. கையை உதறிக்கொண்டு சாமியிடம் போனதும் நீ. எனக்குப் புது வார்த்தை எதுவும் வேண்டாம். மதரிடம் போய், அந்த அலமாரியை ஒரே ஒரு தடவை திறங்கள் என்று கேள்.

ஜெசிந்தா


குன்னூர்
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன் கோபம் நியாயம்.

மதர் நல்லவர். கேட்டால் கொடுத்தாலும் கொடுப்பார். என்னால்தான் கேட்க முடியவில்லை. அந்தப் போனைத் திறக்க எனக்குத் துணிவில்லை. காரணம் கேட்காதே.

நேற்று கல்லறைத் திருநாள். அம்மாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாயா? அப்பா வந்தாரா?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் வருவதால் டிசம்பரில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. உன் கடிதம் வந்தால் கொடுப்பார்கள்.

அனிஷா


பாப்பாரப்பட்டி
9 டிசம்பர் 2024

அன்பு அனிஷாவுக்கு,

நீ பதில் எழுத மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே மழை விட்டு இப்போதுதான் வெயில் பார்க்கிறோம். களமெல்லாம் சேறு.

போன கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். போனைத் திறக்கத் துணிவில்லையாம். உள்ளே பாம்பா இருக்கிறது? தருமபுரியில் ஒரு மண்டிக்காரர் மாமாவிடம், 'உங்க மாமியார் பேருல புளி நல்லா ஓடுதாமே, அந்தப் பேரு எப்ப காலியாவும்' என்று விசாரித்திருக்கிறார். மாமா வந்து சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ஜூன் மாதத்திலிருந்து உன் சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்திருக்க முடியாது. பணம் போடாவிட்டால் சில மாதத்தில் நம்பரையே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் அல்லவா? அப்படியானால் அலமாரியைத் திறந்தும் பயனில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் முனிராஜ் போன் கடைக்குப் போனேன். டூப்ளிகேட் சிம் கேட்டேன். நீ நேரில் வந்து விரல் வைக்க வேண்டும் என்றான். சரி, நம்பருக்கு உயிராவது இருக்கிறதா பார் என்றேன்.

அவன் பார்க்கவே இல்லை. "அதுக்கு என்னங்க அக்கா, அது உயிரோடதான் இருக்குது. உங்கப்பாதான் மாசாமாசம் வந்து போட்டுட்டுப் போறாரே. போன தடவ மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தாரு. நாளைக்கு வாங்கன்னேன், கேக்கல" என்றான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன் அனிஷா. உன் பெயரைச் சொன்னால் எழுந்து வெளியே போகிற மனுஷன். சாயங்காலம் கேட்டேன், முனிராஜ் கடைக்கு எதற்குப் போனீர்கள் என்று. "கரண்டு பில்லு கட்டப் போனேன்" என்றார். கரண்ட் பில் மாமா போனில் கட்டி வருடக்கணக்காகிறது.

கல்லறைத் திருநாளுக்கு வந்தார். கேட்டாயே. இரண்டு மெழுகுதிரி வாங்கினார். ஒன்று அம்மாவுக்கு ஏற்றினார். இன்னொன்றைக் கோயிலுக்குப் பின்னால் கெபிக் குகையில் மாதா காலடியில் வைத்துவிட்டு வந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நம்பர் உயிரோடு இருக்கிறது. ஜனவரி கடைசிவரை நாள் இருக்கிறது. இனி உன் பாடு.

அக்கா
ஜெசிந்தா


குன்னூர்
5 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு ஆசீர் எல்லாருக்கும். நான் நலம்.

உன் கடிதம் கைக்கு வந்த அன்றே மதரிடம் கேட்டுவிட்டேன். அவர் அதை எனக்கு முன்பே படித்திருந்தார் அல்லவா, நான் வாய் திறக்கும் முன்னால் சரி என்றார். ஜனவரி 20, திங்கள்கிழமை, காலை பத்து மணி. மதர் அறையில் போனைத் திறப்போம். இங்கேயுள்ள லேண்ட்லைனிலிருந்து மாமா நம்பருக்குக் கூப்பிடுகிறேன். உன் போனில் லாகின் பக்கத்தைத் திறந்து தயாராக வை. நான் சொன்ன பிறகு அழுத்து. வந்த எண்ணைப் படிக்கிறேன், நீ போடு. உள்ளே போனதும் முதல் வேலையாக செட்டிங்ஸில் என் நம்பரை எடுத்துவிட்டு உன் நம்பரைப் போடு. மெயிலுக்கும் அப்படியே. பிறகு பெயரைப் புதுப்பி.

ஓடிபிக்காக மட்டும்தான் அனுமதி. வேறு பேச முடியாது.

அனிஷா


பாப்பாரப்பட்டி
22 ஜனவரி 2025

அன்பு அனிஷாவுக்கு,

எல்லாரும் சுகம். கடை திறந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு, டவர் கிடைக்கும் என்று மாட்டுக் கொட்டகை மேட்டில் ஒன்பது மணிக்கே ஏறி நின்றேன். பத்து ஆயிற்று, பத்தரை ஆயிற்று. ஏழு மாதம் கிடந்த போனில் சார்ஜ் இருக்காது என்று பி.சி.ஏ. படித்த உனக்கும் தோன்றவில்லை, மதருக்கும் தோன்றவில்லை. நீ கூப்பிட்டு, சமையல்கார அம்மாவிடம் சார்ஜர் வாங்கி வரப் போயிருக்கிறார்கள் என்றபோது நான் ஏதோ திட்டினேன். அது மதர் காதில் விழவில்லை என்று நம்புகிறேன். அப்புறம் நீ சொல்வதற்கு முன்னாலேயே அவசரத்தில் நான் அழுத்திவிட, முதல் எண் வீணாகப் போனது. அது உன் தப்பு இல்லை.

இரண்டாவது தடவை நீ ஆறு எண் படித்தாய். நான் திருப்பிச் சொன்னேன். மெயிலுக்கு இன்னோர் ஆறு. அதையும் திருப்பிச் சொன்னேன். "சரியா அக்கா?" என்றாய், "சரி" என்றேன், வைத்துவிட்டாய். ஏழு மாதம் கழித்துக் கேட்ட உன் குரலில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். எத்தனை சண்டை சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா?

அப்பா கீழே மாட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருந்தார்.

பெயரைப் புதுப்பித்துவிட்டேன். பூட்டிக்கிடந்த ஆர்டர் எல்லாவற்றையும் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம், மாதம்மாள் ஓயாமல் பொட்டலம் கட்டுகிறாள். கோயம்புத்தூர் அம்மாவுக்குப் புளியும் அனுப்பி, பதிலும் எழுதினேன். இன்னாசியம்மாள் எங்கள் அம்மா, இறந்துவிட்டார், தவறு அவர் பிள்ளைகளுடையது என்று எழுதினேன். அவர் தன் ரிவ்யூவை அழித்துவிட்டார். எல்லாம் என் நம்பருக்கு மாறிவிட்டது. இனி உன் நம்பர் கடைக்குத் தேவையில்லை.

சந்தோஷமாக இருக்க வேண்டும். ஏனோ எரிச்சலாகவே இருக்கிறது.

ஜெசிந்தா


குன்னூர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா பெயரைக் காப்பாற்றிவிட்டாய். நன்றி என்று எழுதினால் திட்டுவாய்.

அந்தப் போனைத் திறக்க ஏன் பயந்தேன் என்று இப்போது எழுதுகிறேன். நான் கிளம்பிய நாளிலிருந்து அப்பா ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைத்தேன். திறந்து பார்த்து, அது உண்மையாக இருந்துவிட்டால் எனக்கு இங்கே செபம் செய்யவும் வராது. திறக்காதவரை கூப்பிட்டிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

திங்கள்கிழமை போன் உயிர் பெற்றதும், ஓடிபிக்கு முன்னால் வேறு ஒரு செய்தி வந்தது. அணைந்திருந்த நேரத்தில் வந்த அழைப்பைச் சொல்லும் செய்தி. பழையவை எல்லாம் அழிந்திருக்கும் போல, ஒன்றே ஒன்றுதான். அப்பா நம்பர். ஞாயிறு காலை ஒன்பது மணி. மதர் அதைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா எங்கே போகிறார் அக்கா?

போன் மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது. ஜூனில் வருடம் முடிந்ததும் முதல் வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறேன். நான் இங்கேயே இருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அந்த நம்பர் இனி யாருக்கும் வேண்டாம். பணம் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடு.

அனிஷா


பாப்பாரப்பட்டி
17 பிப்ரவரி 2025

அன்பு அனிஷாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய். இருக்கத்தான் வேண்டும். முடிவு செய்துவிட்டாயே.

நேற்று பூசை முடிந்ததும் அப்பா பின்னாலேயே போனேன். கோயிலுக்குப் பின்னால் கெபிக்குப் போகிறார். கூட்டம் கலையும்வரை நிற்கிறார். பட்டன் போனை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்துகிறார். காதில் வைக்கிறார். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் சொல்வாள் அல்லவா, அதை முழுக்கக் கேட்கிறார். தமிழில் சொல்லி, இங்கிலீஷில் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். பிறகு பையில் போட்டுக்கொண்டு மாதாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வருகிறார். உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. நீ திறக்க மாட்டாய், அவர் பேச மாட்டார், நடுவில் நான் ஆறு மாதம் கஸ்டமர் கேர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வழியில் நிறுத்தி நீ சொன்னதைச் சொன்னேன். வார்த்தைப்பாட்டையும் சொன்னேன். தலையை ஆட்டினார். எல்லாம் என் நம்பருக்கு மாற்றியாகிவிட்டது, அந்த நம்பர் இனி வேண்டாம் என்று அனிஷாவே எழுதியிருக்கிறாள், இனிமேல் பணம் போடாதீர்கள் என்றேன். "செரிம்மா" என்றார்.

செரிம்மா என்றவர் நேராக முனிராஜ் கடையில் போய் ஏறினார். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தவரிடம், இப்போதுதானேப்பா வேண்டாம் என்று சொன்னேன் என்றேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்.

என்னைப் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார், "கடைக்குத்தானம்மா வேணாம்ன?"

உன் அக்கா
ஜெசிந்தா